மேட்டில் மட்டும் நின்ற லாரி

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுபதுகளின் பிற்பகுதி. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட். தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய், வாசலில் வந்து நின்றால் நேரே மலை. ஊரில் லாரி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். ‘பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்பது லாரி ஸ்டாண்டில் ஒரு பேச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போவேன். அந்தப் பேச்சுதான் ஒரு மனிதருடைய பிழைப்பைக் கெடுத்தது.

பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய சமயம் அது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் பழைய வெளிநாட்டு லாரி ஒன்று இருந்தது. பெட்ரோலில் ஓடுவது. ஓட்டினால் கட்டுப்படியாகவில்லை, விற்கவும் அவருக்கு மனசு இல்லை. விபத்தில் நொறுங்கிய இன்னொரு லாரியின் டீசல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. “இதை அதுல வச்சுக் குடுங்க பாய்” என்றார். ஒன்றரை மாதம் ராப்பகலாக உழைத்து வைத்துக் கொடுத்தேன். டீசல் இன்ஜின் நீளம் ஜாஸ்தி. டிரைவர் உட்காரும் அறைக்குள்ளேயே கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தது. அதற்கு ஒரு தகர மூடி செய்து மாட்டினேன். வண்டி கிளம்பிப் போனபோது ஸ்டாண்டே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டீசல் இன்ஜினை அணைக்க வேண்டுமானால் அதற்குப் போகும் டீசலை அடைக்க வேண்டும். பம்பின் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்ன லீவர் இருக்கும். டிரைவர் தன் முன்னால் இருக்கும் குமிழை இழுத்தால், ஒரு கம்பி அந்த லீவரைத் திருப்பும். டீசல் நிற்கும், இன்ஜினும் நிற்கும். ஸ்டாப்பர் என்போம். பெட்ரோல் லாரியில் ஸ்டாப்பர் ஏது? ஆனால் சோக் குமிழ் இருந்தது. குளிர்ந்து கிடக்கும் பெட்ரோல் இன்ஜினைக் கிளப்ப இழுப்பது. டீசல் இன்ஜின் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. சும்மா கிடப்பானேன் என்று அதையே ஸ்டாப்பராக மாற்றினேன். சோக் கம்பி மேல்பக்கம் வரைதான் எட்டியது. பம்போ கீழே இருந்தது. அதனால் இன்னொரு முழம் கம்பி சேர்த்து, தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். தொங்குகிற கம்பி சோம்பேறி வேலை என்பது என் எண்ணம். முதலாளியைக் கூப்பிட்டு அந்தக் குமிழை இழுத்துக் காட்டச் சொல்லி, இன்ஜின் சட்டென்று நின்றதும் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

லாரிக்கு வாய்த்த டிரைவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரர். பதினோரு வருஷம் கிளீனராக இருந்து, அப்போதுதான் ஒரு வண்டிக்கு நிரந்தர டிரைவராக ஆகியிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஸ்டியரிங்கில் உட்காரும் முன் மலையைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவார், அவ்வளவுதான். வண்டியை என்னைவிட நன்றாக வைத்திருந்தார். டயரில் மாட்டிய கல்லைக் கூட உட்கார்ந்து நோண்டி எடுப்பார்.

ஆறேழு மாதம் வண்டி நன்றாக ஓடியது. மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் போய் வரும். அப்புறம் கோளாறு ஆரம்பித்தது. செங்கம் தாண்டினால் ஒரு நீளமான மேடு வரும். அந்த மேட்டில் பாதி ஏறும்போது இன்ஜின் நின்றுவிடும். டிரைவர் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஏர் எடுத்து, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் வெளியேற்றிவிட்டு, திரும்பக் கிளப்பினால் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். இறக்கத்தில் நிற்காது, சமதரையில் நிற்காது, என் ஷெட்டில் ஒரு நாளும் நிற்காது.

முதல் தடவை வந்தபோது ஏர் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் தடவை குழாய் இணைப்புகளையெல்லாம் கழற்றி வாஷர் மாற்றினேன். மூன்றாம் தடவை பில்டரைக் கழற்றிக் கழுவினேன். நான்காம் தடவை பம்பையே இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஷெட்டில் கிளப்பி விட்டால் அரை மணி நேரம் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடும். அனுப்பி வைப்பேன். இரண்டாம் நாள் வந்து நிற்கும். ஸ்டாண்டில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ‘பாய் பெத்த புள்ள மேடு ஏற மாட்டேங்குது’ என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஐந்தாம் தடவை வந்தபோது டிரைவர் மெதுவாகச் சொன்னார்:

“பாய், ஏர் புடிச்சா வண்டி விக்கி விக்கி ஓடும், புகை கக்கும். இது விக்கல, கக்கல. ஸ்டாப்பர இழுத்த மாதிரி கப்புனு நின்னுடுது. நீங்க ஒரு தபா என்கூட மேட்டுக்கு வந்து பாத்தீங்கன்னா தேவல.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கோளாறின் பெயரையே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு அது காதில் ஏறவில்லை. நேற்று வரைக்கும் சக்கரத்துக்குக் கட்டை போட்டவர் எனக்குப் பம்பைப் பற்றிச் சொல்வதா என்றுதான் தோன்றியது.

“இன்னாப்பா, எனக்கே பாடம் எடுக்கறியா? நீ வண்டி ஓட்டற வேலையப் பாரு” என்றேன். அவர் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு முதலாளியும் கோபமாக வந்து சேர்ந்தார். மேட்டில் வண்டி நின்று மழையில் மூட்டை நனைந்திருந்தது. எல்லார் முன்னாலும், “பாய், நீங்களே சொல்லுங்க. நீங்க வச்ச இன்ஜின்ல கோளாறா, இல்ல வேற ஏதாவதா?” என்று கேட்டார். ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பில்டரைத் திறந்து மூக்கருகில் கொண்டு போனேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கிருஷ்ணாயில் என்போம்.

“வண்டில ஒண்ணும் இல்ல முதலாளி. டீசல்லதான் இருக்குது. கிருஷ்ணாயில் கலந்திருக்குது” என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அப்போது நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. வாடை அடித்தது உண்மை. அந்தக் காலத்தில் சில டிரைவர்கள் வழியில் டீசலை விற்றுவிட்டு, அளவு குறையாமல் இருக்கக் கிருஷ்ணாயில் ஊற்றி வைப்பார்கள். அது ஊருக்கே தெரியும். அதனால் நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் நிழலில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்து வந்தார். “நான் எடுக்கல முதலாளி” என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு வழி கொடுத்தார். “அப்படின்னா சூடம் ஏத்து. மலையப் பாத்து கையால அணைச்சு, எடுக்கலனு சொல்லு. அப்பால நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்” என்றார். எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். மலைக்கு எதிரே சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. போலீஸ் கூடக் கேட்காது. எதிர்க் கடையிலிருந்து யாரோ சூடமும் வாங்கி வந்துவிட்டார்கள். ஷெட் வாசலில் என் இரும்புப் பட்டறைக் கல் மேலேயே வைத்தார்கள்.

டிரைவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மலையையும் பார்த்தார்.

“டீசலுக்குப் போயி மலைய சாட்சிக்கு இழுக்க மாட்டேன். எடுக்கலனு சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்” என்றார்.

அவ்வளவுதான். சத்தியத்துக்குப் பயப்படுகிறான் என்றால் மடியில் கனம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே நின்ற எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் வேறு மார்க்கத்துக்காரன், அந்தச் சூடம் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. முதலாளி சாவியைக் கேட்டார். அவர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, அந்தப் பட்டறைக் கல் மேல் சூடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தே போனார்.

புது டிரைவர் வருவதற்கு முன் டேங்கைக் கழுவி, நல்ல டீசல் ஊற்றி, லோடோடு ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. எல்லாவற்றையும் நானே செய்தேன். டீசலை என் கண் முன்னால் பங்கில் பிடித்து, என் கையால் வடிகட்டி ஊற்றினேன். மறுநாள் காலையில் மூட்டையோடு நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். செங்கம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டுதான் போனேன்.

மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் நின்றது.

விக்கவில்லை. புகை விடவில்லை. ஸ்டாப்பரை இழுத்த மாதிரி கப்பென்று நின்றது.

இறங்கிக் கல் வைத்தேன். ஏர் எடுத்துப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. சுத்தமான டீசல் வந்தது. கிளப்பினேன், கிளம்பியது. ஐம்பது அடி போனதும் திரும்ப நின்றது. இன்ஜின் மேலே நான் மாட்டிய தகர மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் பம்பிலுமாக மறுபடி ஏற்றினேன்.

அப்போதுதான் பார்த்தேன். பளு ஏற ஏற இன்ஜின் என் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் ஆறு மாதத்தில் நைந்து போயிருந்தது. சாயச் சாய பம்பும் இறங்கியது. பம்பு இறங்க, நான் பெருமையாக விறைத்துக் கட்டிய கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி இறுகியது. லீவர் மெதுவாகத் திரும்பியது. டீசல் நின்றது, இன்ஜினும் நின்றது. பளு போனதும் இன்ஜின் நிமிர்ந்தது, கம்பி தளர்ந்தது, லீவர் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது. யாரும் குமிழைத் தொடவில்லை. வண்டியே தன் ஸ்டாப்பரைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்கும்படி கட்டி வைத்தவன் நான்.

ரோட்டோரம் ஒரு புளியமரம். அதன் அடியில் போய் உட்கார்ந்தேன். கிருஷ்ணாயில் வாடை எங்கிருந்து வந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது. பில்டரைக் கழுவியதே நான்தான், கிருஷ்ணாயிலில்தான் கழுவினேன். என் கையிலும் அதே வாடை, என் சட்டையிலும் அதே வாடை. என்னையே மோந்து பார்த்துவிட்டு இன்னொருவரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஒரு பீடி குடிக்கிற நேரம். கம்பியை அவிழ்த்து, ஒரு விரலைச் சுற்றி வளையம் போட்டுத் தொய்வு வைத்துக் கட்டினேன். மேட்டில் ஏற்றினேன். லாரி யானை மாதிரி ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம், முதலாளியிடம் நேரே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அல்லா மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஷெட்டில் முதலாளி மட்டும் இல்லை. ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். “இன்னா பாய், ஏறுச்சா?” என்று ஒருவர் கேட்டார். “ஏறுச்சு” என்றேன். “நிக்கலையே?” “நிக்கல.” உடனே முதலாளி தொடையைத் தட்டி, “பாத்தீங்களா, டீசல் மாறுச்சு, வண்டி ஓடுது. அவன்தான்” என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டீ வாங்கி வந்தார்கள், குடித்தேன்.

ஏன் என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். முதலாளிக்கு இன்னும் இரண்டு வண்டி இருந்தது, அது போய்விடும் என்ற பயம் ஒன்று. ஆனால் அது சின்னப் பயம். ‘பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்ற பேச்சு போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். ஒரு முழம் கம்பியை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன் என்று சிரிப்பார்களே என்று அஞ்சினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். யாரும் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து, பகல் பதினோரு மணி இருக்கும், அந்த டிரைவர் ஷெட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் படியிலேயே நின்றார்.

“பாய், மேட்டுல ஏத்திப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

அவர் குரலில் கோபமே இல்லை. நோய் என்னவென்று டாக்டரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“பாத்தேன்” என்றேன். “நல்லா ஏறுது.”

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம், “சரிங்க பாய்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாவங்களில் பெரியது எது என்று கேட்டால் ‘நல்லா ஏறுது’ என்ற இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு லாரி ஒரு நாளும் நிற்கவில்லை. அது நன்றாக ஓடிய ஒவ்வொரு நாளும் அவர் திருடன் என்பது இன்னும் கொஞ்சம் உறுதியாயிற்று. ‘டிரைவர் மாறினான், வண்டி ஓடுது’ என்று ஸ்டாண்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது வீட்டில் சாமான் காணாமல் போனால் கூட விளையாட்டுக்கு அவர் பெயரைச் சொன்னார்கள். அவர் வேலை கேட்டு எங்கெங்கோ போனார். திருவண்ணாமலையில் ஒருவரும் அவர் கையில் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. கல் உடைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு வைத்தேன். பள்ளிவாசலில் நின்றால் மனசு அங்கே இல்லை. பசியும் தாகமும் தெரியவில்லை. அந்தப் பட்டறைக் கல்லும் அதன் மேல் வைத்த சாவியும்தான் கண்ணில் நின்றன. இரும்பு அடிக்க அந்தக் கல்லிடம் போகவே பிடிக்காமல் போயிற்று. மனைவி என்ன உடம்புக்கு என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “அந்த வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரிஞ்சுதானு யாருக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை சுற்றுகிற பாதையில் அடி அண்ணாமலைக்குப் போனேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். கல் சில்லு தெறித்து இடது கண் வீங்கியிருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை போலிருக்கிறது. சொம்பைக் கொண்டுவந்து எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நோன்பு என்பதால் நான் குடிக்க முடியாது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, ரப்பர், கிருஷ்ணாயில், புளியமரம், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகு, “நான் அன்னிக்கே நெனச்சேன் பாய்” என்றார்.

“என்னிக்கு?”

“நல்லா ஏறுதுனு சொன்னீங்களே, அன்னிக்கு. நெசமாவே ஒரு தபாவும் நிக்காம ஏறியிருந்தா என்னை நாலு ஏசு ஏசியிருப்பீங்க. நீங்க ஏசல. கையத் தொடச்சிகினே இருந்தீங்க.”

சத்தியம் செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே, ஏன் செய்யவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“அன்னிக்கு சத்தியம் பண்ணிட்டு வண்டிய எடுத்துகினு போயிருப்பேன். மறுநாளே மேட்டுல நின்னிருக்கும். அப்ப பொய் சத்தியம் பண்ணவன்னு ஆயிருப்பேன் இல்ல? கோளாறு இன்னானு தெரியாம எப்படி பாய் மலைய சாட்சிக்கு இழுக்கறது?”

இது என் மண்டையில் ஏறவே இல்லை, அதுவரைக்கும். அங்கே நின்ற அத்தனை பேரிலும் கோளாறு இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அதைத் தெரிந்திருந்ததற்காகவே அவர் திருடன் ஆனார்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். “என்கிட்ட எதுக்கு பாய் சொல்றீங்க? நான் எடுக்கலனு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க” என்றார்.

நேரே மண்டிக்குப் போனேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். “பாய், நோன்பு நேரம். உங்களுக்கு மனசு எளகிப் போச்சு. அவன் பொண்டாட்டி வந்து அழுதாளா?” என்றார். இல்லை, சத்தியமாகக் கம்பிதான் கோளாறு என்றேன். கம்பியைப் பழையபடி விறைத்துக் கட்டிக் காட்டுகிறேன், மேட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். “ஓடற வண்டிய எதுக்கு பாய் நிக்க வைக்கணும்?” என்று சிரித்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? கோளாறு இருந்ததற்கு ஒரே அத்தாட்சி அந்தக் கோளாறுதான். அதை யாருக்கும் தெரியாமல் சரி செய்தவன் நான்.

ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடை முன்னால் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அந்தச் சிரிப்பு வரவே இல்லை. ஒரு பெரிய டிரைவர், “பாய் தங்கமான மனுசன்டா. திருடனுக்குக் கூட பழிய தன் மேல போட்டுக்கறாரு பாரு” என்றார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு டீ வாங்கித் தர வந்தார்கள். நான் கத்தினேன். கெட்ட வார்த்தை கூடச் சொன்னேன். அதையும் நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் அந்த வாயைத் திறந்து விட்டவன். மூட வழி தெரியாமல் நடு ரோட்டில் நின்றேன்.

என் ஷெட்டிலேயே வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு முன்பே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலை என்றார்கள், ஓசூர் என்றார்கள். அந்தக் கண் என்ன ஆயிற்று என்று கூட எனக்குத் தெரியாது. பிறகு மூன்று தரம் அடி அண்ணாமலைக்குப் போனேன். முதல் இரண்டு தரம் கதவு பூட்டியிருந்தது. மூன்றாம் தரம் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

இப்போது எந்த வண்டி வந்தாலும், ஓட்டுகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் இடத்துக்கே ஓட்டிப் போய்ப் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. அதனால் என் பெயர் ஊரில் முன்னைவிடக் கூடத்தான் செய்திருக்கிறது. நான் கேட்காத அந்தப் புகழ் எனக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. போன மாதம் கூட ஒரு புது ஆள் ஸ்டாண்டில் வழி கேட்டு வந்து, “பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க” என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எவ்வளவோ சரியான பேச்சை இந்த ஊர் மறந்துவிட்டது. அந்த ஒரு தவறான பேச்சை மட்டும் இன்னும் உண்மையாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.